கடலோர ஊரின் புழக்கத்துக்கு நகரத் திட்டத்தில் இடம் உண்டா?

பாம்பன்வாசி:
இராமேசுவரம், கீழக்கரைப் பக்கம் சாலை, விடுதி, வாகன நிறுத்தம் என்று வேலைகள் பெருகி வருகின்றன. கரைவலை இழுக்கும் இடமும், கருவாடு காயவைக்கும் மணல்மேடும், ஊரணிக் கரையும் பெரும்பாலும் புறம்போக்கு என்றே பதிவாகியிருப்பதால், திட்டம் வரைகிறவர்களுக்கு அவை காலி இடங்களாகத் தெரிகின்றன. இவற்றைத் திட்டத்தில் ஏற்றச் சட்டத்தில் வழி உண்டா, அல்லது பொக்லைன் வந்த பிறகு மறியலில் உட்காருவதுதான் வழியா?

பழைய சர்வேயர்:
வழி உண்டு, ஐயா, கெடுதான் குறைவு. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டத்துக்கான (மாஸ்டர் பிளான்) அறிவிப்பு வெளியான பின் ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் தரவேண்டும். பண்பாடு அழிகிறது என்று பொதுவாக எழுதும் மனு கோப்பிலேயே கிடக்கும். எந்தச் சர்வே எண்ணில், எந்த மாதங்களில் வலை இழுக்கிறீர்கள், படகு எந்த வழியாக இறங்குகிறது என்பதை வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால், அதிகாரி பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே மீனவர் குடியிருப்பு, பொது இடங்கள், மீன் உலர்த்தும் தளங்கள் ஆகியவற்றை வரைபடத்தில் காட்டச் சொன்னது. உங்கள் ஊர் அதில் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பாசிக்காரர் மகள்:
சர்வேயர் ஐயா சொல்வது சரி, ஆனால் அந்த வரைபடத்தை யார் வரைவது? ஊர்க்கூட்டத்திலும் ஜமாத்திலும் பெண்கள் உட்காருவது அரிது. கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் எந்தத் துறையில் இறங்குகிறார்கள், ஈரத்துணி மாற்ற எங்கே ஒதுங்குகிறார்கள், பாசியை எங்கே உலர்த்துகிறார்கள் என்பது தலைவர்கள் தரும் படத்தில் வராது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தும், ஊரின் பேச்சு பழைய இடத்திலேயே நடக்கிறது. ஆகையால் பாம்பன் போன்ற ஊராட்சிகளில் கிராம சபையிலும், நகராட்சிகளில் 2022 விதிகளின்படி அமைந்த, வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடும் பகுதி சபையிலும் இதைத் தீர்மானமாகப் பதிவு செய்வதே மேல்.

கோயில்வாசல்:
விடுதி நடத்துகிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் அதே வார்டின் வாக்காளர்கள்தாம், அவர்களையும் அந்தச் சபைக்கு அழையுங்கள். யாத்திரை வரும் வண்டிகள் நிற்கத்தான் வேண்டும். கரைவலை இழுக்கும் இடத்தில் நிறுத்தாமல் வேறு எந்தப் புறம்போக்கில் நிறுத்தலாம் என்பதை அவர்களையே சொல்லச் சொன்னால், எதிர்ப்பு மனுவோடு மாற்று இடமும் சேர்ந்து போகும்.