கலைச்சொல்: சேஃப்டி ஆட்டக்காரரின் ‘ரேஞ்ச்’, தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் இளம் ஆட்டக்காரர்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். எடுத்துக்காட்டாகக் கைல் ஹாமில்டனை எடுத்துக்கொண்டேன். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் சேஃப்டியாக, அதாவது தன் அணியில் எல்லோருக்கும் பின்னால் நின்று காக்கும் ஆட்டக்காரராக, ஆடியவர். 2022 ஏப்ரலில், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் என்எஃப்எல் தேர்வில் 14ஆம் ஆளாகப் பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்குப் போனார். தேர்வுக்கு முன்னால் அவரைப் பற்றி வந்த மதிப்பீடுகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘ரேஞ்ச்’. வீச்சு என்று எழுதி வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர், ஓட்டத்திறன் என்று எழுதினாலே போதும் என்கிறார். எது சரி? அப்படியே சேஃப்டிக்கும் ஒரு சொல் சொல்லுங்கள். பாதுகாவலர் என்றால் பொருந்துமா?

* * *

மறுமொழி

வணக்கம். முதலில் பாதுகாவலர் வேண்டாம். வங்கி வாசலில் நிற்பவர் நினைவுக்கு வருகிறார் என்பது சின்னச் சிக்கல். எதிரணியிடம் பந்து இருக்கும்போது இந்தப் பக்கம் நிற்கும் பதினொருவருமே காவலர்கள்தான் என்பது பெரிய சிக்கல். போதாக்குறைக்கு இந்த ஆட்டத்தில் சேஃப்டி என்று ஒரு புள்ளிக்கணக்கும் இருக்கிறது. பந்து வைத்திருப்பவரை அவருடைய அணி காக்கும் கடைசிப் பகுதிக்குள்ளேயே வீழ்த்திவிட்டால் மற்ற அணிக்கு 2 புள்ளி. ஆங்கிலத்தில் ஆளுக்கும் புள்ளிக்கும் ஒரே பெயர். தமிழிலாவது இரண்டையும் பிரித்து வைப்போம்.

நான் கடைக்காவலர் என்பேன். முன்வரிசையில் மோதுபவர்கள் முதற்காவலர், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் இடைக்காவலர், எல்லோருக்கும் பின்னால் நிற்பவர் கடைக்காவலர். முதல், இடை, கடை என்ற வரிசையைத் தமிழ் படித்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் நிற்கும் கார்னர்பேக்கை ஓரக்காவலர் எனலாம். மளிகைக் கடைக்குக் காவலா என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். கடைக்கண், கடைக்குட்டி என்றெல்லாம் சொல்லும்போது யாரும் மளிகைக் கடையை நினைப்பதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்ட்ராங் சேஃப்டி என்பதை வலுக்காவலர் என்று எழுதிவிடாதீர்கள். அந்த வலு ஆட்டக்காரருடையது அல்ல, பக்கத்தினுடையது. டைட் எண்ட், அதாவது தாக்கும் வரிசையின் ஓரத்தில் நின்று மோதவும் பந்து பிடிக்கவும் செய்பவர், எந்தப் பக்கம் நிற்கிறாரோ, அதாவது எதிரணி எந்தப் பக்கம் ஆள்பலத்தோடு நிற்கிறதோ, அந்தப் பக்கத்தைக் கவனிப்பவர் ஸ்ட்ராங் சேஃப்டி. நிறைபக்கம், குறைபக்கம் என்று வைத்துக்கொண்டால் நிறைபக்கக் கடைக்காவலர் என்று சொல்லிவிடலாம். ஃப்ரீ சேஃப்டிக்குக் குறிப்பிட்ட ஒருவரைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு இருக்காது. ஆழத்தில் நின்று பந்து போகும் இடத்துக்குப் போவார். அவரை உலாக்காவலர் எனலாம். 2010இல் சியாட்டில் அணி எடுத்த இருவரைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். 14ஆம் தேர்வாக வந்த எர்ல் தாமஸ், உயரம் 5 அடி 10 அங்குலம், ஆழத்தில் தனியே உலவியவர். ஐந்தாம் சுற்றில் வந்த காம் சான்சலர், 6 அடி 3 அங்குலம், முன்னே இறங்கி வந்து மோதியவர். இப்போது பல அணிகள் இருவரையும் இடம் மாற்றி மாற்றி நிறுத்துவதால் இந்தப் பிரிவு கொஞ்சம் தேய்ந்துவிட்டது. உங்கள் கட்டுரைக்கு வெறும் கடைக்காவலர் போதும்.

சரி, ரேஞ்சுக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையின் உயிரே இந்தச் சொல்தான் என்று நினைக்கிறேன்.

ஓட்டத்திறன் என்பதை நான் ஏற்கவே மாட்டேன். ஹாமில்டன் விஷயத்தில் பலர் தடுமாறியதே அங்கேதான். 2022 மார்ச்சில் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த தேர்வுமுகாமில் அவர் 40 கெஜம் ஓட எடுத்த நேரம் 4.59 வினாடி. அதே முகாமில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கடைக்காவலர் லூயிஸ் சைன் 4.37இல் ஓடினார். முதல் ஐந்துக்குள் போவார் என்று பேசப்பட்ட ஹாமில்டன் 14 வரை சரிந்ததற்கு அந்த 4.59 ஒரு முக்கியக் காரணம். மின்னெசோட்டா அணியின் கையில் 12ஆம் தேர்வு இருந்தது. அதை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டு 32க்கு இறங்கி, அங்கே சைனை எடுத்தார்கள். சைன் அந்த அக்டோபரிலேயே லண்டனில் நடந்த ஆட்டத்தில் காலை முறித்துக்கொண்டார், 2024இல் அணி அவரை விடுவித்தது. கால் முறிந்ததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே இதை வேகத்துக்கும் அறிவுக்கும் நடந்த போட்டியாகக் கதைகட்ட வேண்டாம். எனக்கு வேண்டியது கணக்கு மட்டும்தான்.

இரண்டு நேரத்துக்கும் வித்தியாசம் 0.22 வினாடி. முழு ஓட்டத்தில் இருப்பவருக்கு அது சுமார் 2 கெஜம். பந்தெறிபவர் தோளைத் திருப்புவதைக் கால் வினாடி முன்னதாகப் படித்துவிட்டால் அந்த 2 கெஜமும் கைக்கு வந்துவிடும். தேர்வுமுகாமில் யாரும் எதையும் படிக்க வேண்டியதில்லை. நேர்க்கோடு, நிற்கும் நிலையிலிருந்து ஓட்டம், அவ்வளவுதான். களத்தில் 12, 15 கெஜம் ஆழத்தில் நிற்கும் கடைக்காவலருக்கு ஓட்டம் தொடங்கும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். பந்துபிடிப்பவர்கள் எந்தப் பாதையில் கிளம்புகிறார்கள், எறிபவர் எத்தனை எட்டு பின்வாங்குகிறார், கண் எங்கே போகிறது என்று பார்த்து, எந்தத் திசையில் முதல் எட்டு வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த எட்டு தப்பினால் 4.37 வேகம், தப்பான இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரத்தான் உதவும்.

2021 செப்டம்பர் 5 அன்று டலஹாசியில் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக ஹாமில்டன் ஆடிய ஆட்டத்தின் காணொளியைப் பாருங்கள். அன்று அவர் பந்தை இரண்டு முறை பறித்தார். அதில் ஒரு முறை களத்தின் நடுவைத் தாண்டி மறு ஓரம் வரை ஓடிப்போய்ப் பிடித்தார். களத்தின் அகலமே 53 கெஜத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். எறிபவர் கையிலிருந்து பந்து விடுபடும்போதே அவர் உடம்பு கிளம்பிவிட்டது. 6 அடி 4 அங்குல உடம்பு, நீண்ட கை. கடைசி ஒரு கெஜத்தைக் கால் கடக்க வேண்டியதில்லை, கையே கடந்துவிடும். கண், முதல் எட்டு, ஓட்டம், கைநீளம் நான்கும் சேர்ந்ததுதான் ரேஞ்ச். ஓட்டத்திறன் அதில் மூன்றாவது மட்டும்.

வீச்சு இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அரிவாளுக்கும் ஏவுகணைக்கும் சொல்லிச் சொல்லி, ஒரு கோட்டில் எவ்வளவு தூரம் என்ற பொருள் அதில் படிந்துவிட்டது. புள்ளியியல் பாடத்தில் வேறு, மிகப்பெரிய எண்ணிலிருந்து மிகச்சிறிய எண்ணைக் கழித்தால் வீச்சு. நமக்கு வேண்டியது பரப்பு. ஓர் ஆள் பந்து வருவதற்குள் எவ்வளவு இடத்தை அடைய முடியும் என்பது. எட்டுபரப்பு என்று முதலில் யோசித்தேன், ஒன்பதுபரப்பு எங்கே என்று கேட்பீர்கள்.

அடைபரப்பு என்று சொல்லிப் பார்க்கிறேன். வினைத்தொகை. அடையும் பரப்பு என்றும் கொள்ளலாம், அடைக்கும் பரப்பு என்றும் கொள்ளலாம். இங்கே இரண்டும் வேண்டும். அடைந்தால் மட்டும் போதாது, அந்த வழியை எறிபவருக்கு அடைத்துவிட வேண்டும். நல்ல கடைக்காவலர் நிற்கும் பக்கம் பந்தே போகாது. அந்த வெற்றி எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் ஏறாது.

பயிற்சியாளர் ஒரு கடைக்காவலருக்கு ஒதுக்கிக் கொடுக்கும் இடத்தைக் காவற்பரப்பு என்று தனியாக வையுங்கள். ஒரே ஆள் ஆழத்தில் நின்றால் காவற்பரப்பு களத்தின் முழு அகலம், இருவர் நின்றால் ஆளுக்குப் பாதி. காவற்பரப்பைவிட அடைபரப்பு சிறியதாக இருந்தால் அந்த ஆளை அங்கே நிறுத்தக்கூடாது. மதிப்பீட்டில் நீங்கள் சொல்ல வருவது இதுதானே?

* * *

மறுமொழி

குழுவில் வாசகனாக மட்டும் இருக்கும் பழைய ஆள் நான். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் கிளித்தட்டு ஆடியவர்களுக்கு உலாக்காவலரை விளக்கத் தேவையில்லை. மற்ற மறிப்பவர்கள் ஆளுக்கொரு குறுக்குக் கோட்டிலே கட்டுண்டு நிற்க, கிளி என்கிற ஆள் மட்டும் நடுக்கோட்டாலும் ஓடித்திரியும். கிளி என்றே பெயர் வையுங்கோ என்று கேட்க ஆசைதான், தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பறவைதான் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஆனால் மறித்தல் என்ற வினையை விடாதேயுங்கோ. ஓடி வருபவனை எந்தச் சரிவிலே போய்ச் சந்திப்பது என்பதற்கு அவர்கள் ஆங்கிலத்திலே வெறும் கோணம் என்கிறார்கள். மறிகோணம் என்று சொன்னால் முழுதாக வரும். கோணம் கூர்மையாகப் போனால் ஓடுபவன் வெளியாலே வெட்டிக்கொண்டு போய்விடுவான், அகலமாகப் போனால் பத்து கெஜம் சும்மா கொடுக்க வேண்டும். இளம் ஆட்டக்காரர்கள் பிடியைத் தவறவிடுவது கை பலமில்லாமல் அல்ல, பெரும்பாலும் மறிகோணம் பிழைத்துத்தான்.

அடைபரப்பு நல்லாய் இருக்கிறது. தட்டிலே அடை பரப்பி வைத்ததுபோல முதலில் கேட்டது. இரண்டாம் தடவை பழகிவிட்டது.

இன்னொன்று. ஹாமில்டனின் குறைகளையும் எழுதுவீர்கள்தானே தம்பி? வெறும் புகழ்ச்சியாய்ப் போனால் அது மதிப்பீடு இல்லை.

* * *

மறுமொழி

ஐயாவுக்கும் மற்றவருக்கும் நன்றி. அடைபரப்பு, காவற்பரப்பு, மறிகோணம், கடைக்காவலர் நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் ‘ரேஞ்ச் எனப்படும் அடைபரப்பு’ என்று எழுதிவிட்டு, அப்புறம் தமிழ்ச் சொல்லை மட்டும் வைப்பேன். உலாக்காவலரும் நிறைபக்கமும் இந்தக் கட்டுரைக்குத் தேவைப்படவில்லை, அடுத்ததற்கு இருக்கட்டும்.

குறைகள் உண்டு ஐயா. வரைவை அனுப்புகிறேன், சொற்கள் உட்காருகின்றனவா என்று பாருங்கள்:

“ஹாமில்டனின் அடைபரப்பு, ஓட்ட நேரத்தைப் பார்த்து ஊகிப்பதைவிடப் பெரியது. ஆனால் நீண்ட கால்கள் திசைமாறச் சற்று நேரம் எடுக்கும். குள்ளமான, துள்ளலான பந்துபிடிப்பாளரை நேருக்கு நேர் தொடரச் சொன்னால் திணற வாய்ப்புண்டு. மோத அவசரப்படும்போது மறிகோணம் கூர்மையாகிவிடும். 2021 அக்டோபரில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யுஎஸ்சி) எதிரான ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு மீதிப் பருவத்தை இழந்தார் என்பதையும் அணிகள் கணக்கில் எடுத்தன.

ரேவன்ஸில் முதல் ஆண்டு சுலபமாக இருக்கவில்லை. அவருடைய இரண்டாம் ஆட்டத்திலேயே மயாமிக்கு எதிராக அணி கடைசிக் கால்பகுதியில் 21 புள்ளி முன்னிலையைத் தொலைத்து 42-38 எனத் தோற்றது; பின்காவல் முழுவதுமே குழம்பி நின்றது. காவல் பயிற்சியாளர் மைக் மக்டொனால்ட் அந்தப் பருவத்தில் அவரை ஆழத்திலிருந்து முன்னே கொண்டுவந்து, பந்துபிடிப்பாளர்களுக்கு அருகே அடிக்கடி நிறுத்தினார். காவற்பரப்பு சுருங்கியது, கைநீளமும் மோதும் பலமும் பயன்பட்டன. 2023இல் இண்டியானாபொலிஸுக்கு எதிராக முதல் பாதியிலேயே பந்தெறிபவரை மூன்று முறை வீழ்த்தினார். கிளீவ்லாந்துக்கு எதிராக ஆட்டம் தொடங்கியதுமே ஓர் எறியைத் தானே தட்டி, தானே பிடித்து, 18 கெஜம் ஓடிப் புள்ளியாக்கினார். அந்தப் பருவத்தில் 4 பந்துப்பறிப்பு, 13 தட்டல். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம். 2024இல் ஆழத்தில் காவல் ஓட்டை விழுந்தபோது அவரையே திரும்பப் பின்னே அனுப்பினார்கள், ஓட்டை அடைபட்டது. 2025 ஆகஸ்டில் நான்கு ஆண்டுகளுக்கு 10 கோடி டாலருக்குச் சற்று மேல் ஒப்பந்தம். அந்த இடத்தில் ஆடும் எவரும் அதுவரை அவ்வளவு பெற்றதில்லை.”

ஒரு சொல் பாக்கி இருக்கிறது. பின்னோக்கி ஓடிக்கொண்டே இடுப்பைத் திருப்பி முன்னோக்கிய ஓட்டத்துக்கு மாறுவதை மதிப்பீட்டாளர்கள் தனியாகக் கவனிக்கிறார்கள். உயரமான கடைக்காவலர்களிடம் முதலில் பார்ப்பதே அதைத்தான். இடுப்பு நெகிழ்வு என்றால் யோகாசனம் போலிருக்கிறது, இடுப்புத்திருப்பம் என்றால் நடனம். தற்காலிகமாகத் ‘திரும்புவேகம்’ என்று போட்டிருக்கிறேன், ஆனால் வேகம் என்ற சொல் மறுபடி உள்ளே நுழைவது பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், இல்லையென்றால் அதை ஒரு முழு வாக்கியமாகவே விரித்து எழுதிவிடுகிறேன்.