மடிப்புக்குப் பக்கத்தில் டேப்புக்கு அடியில் கறுப்பு கசிகிறது: வழி சொல்லுங்கள்

பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961-ல் வரைந்த 'மூவ்மென்ட் இன் ஸ்கொயர்ஸ்' (கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் ஓரிடத்தில் ஒடுங்கி, பரப்பே மடிந்ததுபோல் தெரியும் ஓவியம்) பாணியில் ஒரு பயிற்சிப் பலகை. எம்.டி.எஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) மேல் மூன்று கோட் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு), 400 நம்பர் உப்புத்தாள், பிறகு அக்ரிலிக். கட்டத்தின் உயரம் எங்கும் 50 மி.மீ. அகலம் மட்டும் குறைகிறது: 50, 48.5, 45.5, 41, 35.5, 29, 21, 13, 4.4. உருளையைப் பத்துப் பத்து டிகிரியாகப் பிரித்து நேர் எதிரே பார்த்த கணக்கு இது. ஒரே விகிதத்தில் குறைத்தால் வளைவு வராது, வெறும் நெரிசல்தான்.

அகலக் கட்டங்களில் சிக்கலே இல்லை. டேப் ஓரத்தில் முதலில் வெள்ளையைப் பூசி அடைத்துவிட்டு, காய்ந்ததும் கறுப்பு. கோடு கத்தி மாதிரி நிற்கிறது. மடிப்புக்குப் பக்கத்தில், 4.4 மி.மீ கட்டத்தில்தான் கறுப்பு கசிகிறது; அங்கே அடைக்கும் வெள்ளையே திட்டாகத் தடித்து, டேப்பை உரிக்கும்போது அடிப்பூச்சோடு பிய்கிறது. மெல்லிய வாஷி டேப்பா (காகித டேப்), ரூலிங் பேனாவா (கோடு இழுக்கும் பேனா), எது தேவலை? பேனா என்றால் அக்ரிலிக் இங்க்கைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றலாமா?

இன்னொன்று: அந்த இடத்தில் சம அகலத்திலும் வெள்ளைதான் பெரிதாகத் தெரிகிறது. வெள்ளையின் அகலத்தை எவ்வளவு குறைப்பீர்கள்? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் நல்லது.