தொழிற்பயிற்சி வளாகத்தில் பட்டறைகளைச் சாலையோரம் வைக்கலாமா?

வரைபலகை:
அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரை அடுத்த ஊர் ஒன்றில், பேருந்துச் சாலையை ஒட்டிய 7 ஏக்கர் நிலத்தில், ஓர் அறக்கட்டளைக்காகத் தொழிற்பயிற்சி நிலையம் வடிவமைத்து வருகிறேன். ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன், மோட்டார் மெக்கானிக் என ஐந்து பிரிவுகள். எட்டடி மதில், ஒரே வாயில், முகப்பில் அலுவலகமும் புல்வெளியும், பின்கோடியில் பட்டறைகள் என்று நிர்வாகம் கேட்கிறது. ‘படிப்பு வராதவர்கள் போகும் இடம்’ என்று ஊர் இன்னும் பேசுவதற்கு, அங்கே நடக்கும் வேலை யார் கண்ணிலும் படாததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆகவே பட்டறைகளைச் சாலைப் பக்கம் கொண்டுவர விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கணபதி லேத்:
இதற்கு முன்மாதிரி கோவையிலேயே இருக்கிறது. 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையம் பீளமேட்டில் நடத்திய தொழிற்கூடத்தில் பம்ப், மோட்டார், லேத் என்னும் கடைசல் எந்திரம் எல்லாம் விற்பனைக்கே செய்யப்பட்டன. 1951-இல் வந்த பொறியியல் கல்லூரி அதே வளாகத்தில்தான் அமைந்தது. மதிலைக் குறைப்பதைவிட, ஊரின் வேலை உள்ளே வருவதே முக்கியம் என்பேன். என் பட்டறைக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், மாதிரித் துண்டைக் கடையும்போது காட்டாத கவனத்தை, ஒரு விவசாயி கொண்டுவந்த மோட்டாரின் தேய்ந்த ஷாஃப்டை, அதாவது சுழலும் தண்டை, அளக்கும்போது காட்டுகிறார்கள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருக்க, வெர்னியர் அளவுகோலை இரண்டாம் முறை வைத்துப் பார்க்கும்படி யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரம் ஒரு பழுதுபார்ப்புக் கவுன்டருக்கும் வண்டி நிறுத்தி இறக்கும் இடத்துக்கும் முதலில் கோடு போடுங்கள்.

சிங்கை வாசி:
சிங்கப்பூரில் 1992-இல் அமைந்த தொழில்நுட்பக் கல்விக் கழகம், சிதறிக் கிடந்த சிறு வளாகங்களை மூன்று பெரிய கல்லூரிகளாக இணைத்தது: சீமெய் 2005, சுவா சூ காங் 2010, அங் மோ கியோ 2013. இங்கும் அதே இளக்காரப் பேச்சு இருந்ததுதான். மாணவர்களே சமைத்துப் பரிமாறும் பயிற்சி உணவகங்களும், முடி திருத்தும் பயிற்சி நிலையங்களும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதால், அக்கம்பக்கத்தினருக்கு அங்கே செல்ல ஒரு காரணம் கிடைத்தது. உங்கள் ஐந்து பிரிவுகளுள் அப்படிப்பட்டது மோட்டார் மெக்கானிக்தான். இரு சக்கர வண்டி இல்லாத வீடு அங்கே ஏது?

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:
தம்பி, உங்கள் எண்ணத்தை மனமார வரவேற்கிறேன்; ஆனால் வெல்டிங்கை மட்டும் சாலையோரம் வைத்துவிடாதீர்கள். அந்த ஒளியின் புற ஊதாக் கதிர், வேடிக்கை பார்க்கும் பள்ளிக் குழந்தையின் கண்ணையும் தாக்கும். இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தி, உறங்க விடாது. அது உள்ளே, தடுப்புத் திரைகளுடன், ஒளியைத் திருப்பியடிக்காத வண்ணம் பூசிய சுவர்களுக்கு நடுவே இருக்கட்டும். லேத் இருக்கும் இடத்திலும், பார்வையாளர் நிற்குமிடத்துக்கும் எந்திரத்துக்கும் இடையே கம்பி வலையோ கெட்டியான கண்ணாடியோ கட்டாயம் வேண்டும், ஏனெனில் உலோகச் சீவல் தெறிக்கும். முன்வரிசைக்கு மோட்டார் மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் பொருந்தும். மிக்ஸி, மின்விசிறி, வெட் கிரைண்டர் எல்லாம் அங்கே வந்து சேரும். பழுதுக்கு வாங்கும் பொருளுக்கு ரசீதும், வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பயிற்றுநரும் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. ஒரு முறை மின்கசிவோடு கிரைண்டர் வீடு திரும்பினால், அதன் பிறகு ஊர் அந்தக் கவுன்டர் பக்கம் வராது.

இன்னொன்று: நான் பணியாற்றிய நிலையம் ஒன்றில் பேருந்து நிறுத்தம் ஒரு புறமும் வாயில் மறுபுறமும் இருந்தன. பிள்ளைகள் மதிலைச் சுற்றி வெயிலில் நடந்தே வந்தார்கள். பெண் பிள்ளைகள் சேர்ந்த ஆண்டுகளில், மாலையில் அந்த ஆளரவமற்ற மதிலோரம் பெற்றோருக்குப் பெரிய கவலையாக இருந்தது. நிறுத்தத்துக்கு எதிரே ஒரு வாயிலும், நிழலுக்கு இரண்டு புங்க மரங்களும், உட்காரத் திண்ணையும் வையுங்கள்.

வரைபலகை:
மிக்க நன்றி, ஐயா. அலுவலகத்தைப் பின்னுக்குத் தள்ளி, மோட்டார் மெக்கானிக், எலக்ட்ரீஷியன் பட்டறைகளைச் சாலையோரமும், வெல்டிங்கை வடகோடியிலும் வைத்து வரைபடத்தை மாற்றுகிறேன். சாலைப் பக்க மதிலை மூன்றடியாக்கி, மேலே கம்பிவலை போடலாம் என்றிருக்கிறேன். நிறுத்தத்துக்கு எதிரே இருந்த புல்வெளி, திண்ணைக்கும் கவுன்டருக்குமான இடமாகிறது. வரைபடத்துடன் பழுதுபார்ப்புக்கான ரசீது நடைமுறையையும் எழுதி நிர்வாகத்திடம் கொடுக்கிறேன்.