லாரியின் வெள்ளைப் புகை: புதுப்பிப்பு

காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, இஞ்சின் குலுங்கல் என்று போன மாதம் எழுதியிருந்தேனே, சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று) புதுப்பித்து ஓட்டும் எங்கள் கடை லாரி, அதன் கதை இது.

ஹெட் கேஸ்கட் (இஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும் என்று பாதிப் பேர் பயமுறுத்தினீர்கள். அது போயிருந்தால் தண்ணீர் இஞ்சினுக்குள் கசிந்து குறைய வேண்டும். ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் ஒரு விரலளவுகூடக் குறையவில்லை. புகையும் கண்ணை எரிக்கும் பச்சை டீசல் வாடைதான். அதாவது எரியாத டீசல்.

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் வட்டாரத்தில் ஒரு பெரியவர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரை எடுப்பதற்கு முன் அவர் எடுத்தது நான்கு காலி மினரல் வாட்டர் போத்தல்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் (மிச்ச டீசல் திரும்பும் குழாய்) தனித்தனிப் போத்தலில் விட்டு, இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டார். மற்ற மூன்று போத்தலில் அடிமட்டம் மட்டும் நனைந்திருக்க, மூன்றாம் சிலிண்டருடையது பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது, அந்த இன்ஜெக்டர் கசிகிறது என்று அர்த்தம். "பாத்தியா தம்பி, இதான் திருடன்" என்றார். கழற்றினால் செம்பு வாஷரைச் சுற்றித் தார் மாதிரி கரி.

அந்த இன்ஜெக்டரை மாற்றி, புதியதன் குறியீட்டு எண்ணை இசியுவில் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதித்த பிறகு குலுங்கல் அடியோடு போயிற்று. கையோடு டீசல் ஃபில்டரும் மாற்றினேன். இதற்கு முன் தேவையே இல்லாமல் க்ளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடேற்றுவது) நான்கும் மாற்றியது என் அவசரப்புத்தி, அந்தக் காசு தண்டம்.

மேம்பாலம் ஏறும்போது மட்டும் இன்னும் லேசாகக் கரும்புகை வருகிறது. அது இஞ்சினுக்குக் காற்று போகும் பக்கக் கோளாறாக இருக்கலாம், ஒருவேளை இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இஞ்சினுக்குள் விடுவது). பத்து வயது தாண்டிய லாரி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்ஷன். அடுத்ததற்குள் அதையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.