கல்மீனுக்கு உங்கட கரையில என்ன பேர்?

யாழ்ப்பாணத்தில குருநகர், பாசையூர், வேலணை, காரைநகர்ப் பக்கம் தொழில் செய்யிற உறவுகளே, ஒரு உதவி. கல்மீன் எண்டு சொல்லுற, முள்ளில நஞ்சுள்ள மீனுக்கு (stonefish) உங்கட கரையில வழங்கிற பேரைச் சொல்லுங்கோ. கடலட்டை பிடிக்க இறங்கிற ஆக்களுக்கான எச்சரிக்கைத் தாளில போடத்தான். தெரியாத பேரைப் போட்டால் ஒருத்தரும் கவனிக்காயினம்.

படம் இருந்தால் பக்கவாட்டில எடுத்ததா அனுப்புங்கோ. செதிலில்லாத, பாசி படிஞ்ச கல்லுப்போலத் தோல், மேல்நோக்கின வாய், முதுகில 13 முள்ளளவில் இருந்தால் அதுதான். செத்ததெண்டு வெறுங்கையால தூக்க வேண்டாம், முள்ளில நஞ்சு இருக்கும்.

குத்தினால் 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத சுடுதண்ணியில 30 தொடக்கம் 90 நிமிசம் காலை வைச்சிருக்கோணும். நஞ்சு புரதம், சூட்டில சிதையும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாத் தெரியாது, மற்றக் காலை வைச்சுப் பார்க்கோணும். இறுக்கிக் கட்டக்கூடாது. வலி குறைஞ்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.