15 நாள்ல விசா வந்துடும்னு டிக்கெட் போடச் சொன்ன மகராசனுக்கு

ரயிலடி: நேத்து ஒருத்தர் "ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் ஒண்ணா இருக்கிற ஷெங்கன் விசா 15 நாள்தான், முதல்ல டிக்கெட்டப் போட்டுருங்க, அப்புறம் விலை ஏறிடும்"னு எழுதியிருந்தாரு. படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. போன மே மாசம் இப்படி யாரோ சொன்னத நம்பித்தான் சென்னை டு பாரிஸ் நாலு பேருக்கு நான்-ரீஃபண்டபிள் போட்டேன். கிளம்புற அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் வாசல்ல கூரியர்காரன் வருவான்னு உக்காந்திருந்தோம், பெட்டி கட்டி ஹால்லயே இருக்கு.

கேபின்பேக்: அந்த ஒருத்தர் நான்தான், பேரச் சொல்லியே திட்டலாம். 15னா 15தான். ஐரோப்பிய யூனியனோட விசா சட்டம் இருக்கே, விசா கோட், அதுல 23வது பிரிவ எடுத்துப் பாருங்க, காலண்டர் நாள், ஞாயித்துக்கிழமையும் சேத்து.

ரயிலடி: அதே பிரிவுல கீழயே 45 நாள் வரைக்கும் இழுக்கலாம்னு போட்டிருக்கே, அதுக்குள்ள கண்ணு கட்டிடுச்சா?

கேபின்பேக்: 45 எல்லாம் கூடுதலா துருவிப் பாக்கவேண்டிய ஃபைலுக்கு. நான் 7 தடவ போயிருக்கேன், ஒரு தடவ கூட 15 தாண்டல. ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம்னு 2020லேர்ந்தே ரூல் இருக்கு, நீங்க கடைசி மாசம் போய் நின்னுட்டு ஊரத் திட்டுனா எப்படி?

சேலத்துக்காரி: ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். அந்த 15 எந்த நாள்லேர்ந்து? விசா அப்ளிகேஷன் சென்டர்ல கைரேகை வச்ச அன்னிக்கா, ஃபைல் கான்சுலேட் போய்ச் சேந்த அன்னிக்கா? எனக்கு ஆறு நாள் "அனுப்பப்பட்டது"ன்னே நின்னுச்சு. அப்ளை பண்ண அப்பாயின்ட்மென்ட் ஸ்லாட் கிடைக்கவே மூணு வாரம், அது யார் கணக்கு?

கேபின்பேக்: ஸ்லாட் வேற, பிராசஸிங் வேற. 15.

ஊர்சுத்தி: எனக்கு பல தடவ போய்வர ரெண்டு வருஷ மல்டி என்ட்ரி விசா இருக்கு, 2024 ஏப்ரல்ல இந்தியாக்காரங்களுக்கு கொண்டுவந்தாங்களே அதுல வாங்கினது. நமக்கு இந்த டென்ஷனே இல்லப்பா.

ரயிலடி: உங்ககிட்ட யார் கேட்டா?

பாக்யம்78: டிக்கெட் எதுக்குங்க வாங்கணும், ரிசர்வேஷன் மட்டும் காட்டினா போதும், விசா கைக்கு வராம டிக்கெட் வாங்காதீங்கன்னு பல கான்சுலேட்டே சொல்லுதே.

கேபின்பேக்: நல்லா சொல்லுங்க, டம்மி டிக்கெட் கோஷ்டி வந்தாச்சு. போன வருஷம் ஸ்லாட் இருக்குன்னு கிரீஸுக்கு அப்ளை பண்ணிட்டு பாரிஸ்ல எட்டு நாள் தங்கறேன்னு பிளான் போட்டது நீங்கதானே? அதிக நாள் எங்க தங்கறோமோ அங்கதான் அப்ளை பண்ணணும்னு அன்னிக்கே நான் தலையால அடிச்சுக்கிட்டேன்.

பாக்யம்78: நான் கடைசில பாரிஸ் போகவே இல்ல, சும்மா பழச இழுக்காதீங்க. ஏர்போர்ட்ல தயிர்சாதம் கட்டிட்டு வந்தவங்கன்னு என்னக் கிண்டலடிச்சதும் மறக்கல.

ஊர்சுத்தி: தயிர்சாதத்துக்கு என்ன கொறச்சல்?

ரயிலடி: எனக்கு ஏர்லைன்ஸ்காரன் டாக்ஸ் மட்டும்தான் திருப்பித் தந்தான். விசா ஃபீஸ் ஆளுக்கு 90 யூரோ போச்சு. இதுக்கு பதில் சொல்லுங்க மிஸ்டர் 15.

கேபின்பேக்: ஃபீஸ் 2024 ஜூன்லதான் 80லேர்ந்து 90 ஆச்சு, அதுக்கும் நான்தான் பொறுப்பா? எத்தனாம் தேதி கொடுத்தீங்க, அத மட்டும் சொல்லுங்க.

ரயிலடி: ஏப்ரல் 22. கிளம்ப வேண்டியது மே 9.

கேபின்பேக்: 17 நாள். ரெண்டே நாள் மார்ஜின்ல நாலு டிக்கெட். சபாஷ்.

ரயிலடி: 15 நாள்ல வரும்னு சொன்னது யாருய்யா!

சேலத்துக்காரி: கைரேகை வச்ச அன்னிக்கா, ஃபைல் போய்ச் சேந்த அன்னிக்கா?

கேபின்பேக்: காலண்டர் நாள்மா. ஞாயித்துக்கிழமையும் சேத்து.