வெப்பா, டெஸ்க்டாப்பா: கடைக்காரர்களோடு பட்ட பாடு

விபி_காலத்து_ஆள்
புறக்கோட்டையில் ஒரு துணி மொத்தக் கடை. 2009இல் விபி6உம் (மைக்ரோசாஃப்டின் பழைய புரோகிராமிங் மொழி) ஆக்சஸும் (அவர்களுடைய தரவுத்தளம்) வைத்து நான் எழுதிக் கொடுத்த டெஸ்க்டாப் பில்லிங். (மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே விபி6ஐக் கைகழுவிவிட்டது, தெரியும். யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.) போன வருடம் முதலாளியின் மகன் கேட்டான், "அண்ணா, விற்பனையை வீட்டிலிருந்து போனில் பார்க்கலாமா?" முடியாது என்றேன். மாதம் முடிவதற்குள் வேறொருவர் எழுதிய, பிரவுசரில் ஓடும் வெப் பில்லிங்குக்கு மாறிவிட்டார்கள். சரி, வியாபாரம்.

அப்புறம் ஒரு நாள் பிரிண்டர் பார்க்கப் போனேன். கணக்கப்பிள்ளை ஐயா மட்டக்களப்பு ஓடர் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார், 42 வரி. கடைசி வரியை முடித்து, திரையைப் பார்க்காமலே எஃப்5ஐ அமத்தினார். என் மென்பொருளில் எஃப்5 என்றால் சேமிப்பு. பிரவுசரில் அது பக்கத்தைத் திரும்ப ஏற்றும். எல்லாம் வெள்ளை. மனிதர் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். "தம்பி, பில் எங்கே போச்சு?" அந்தக் கீயைத் தெரிவு செய்தவன் நான்தானே.

வெள்ளவத்தை_மருந்து
2022 மார்ச் கடைசி, 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாள். லாப்டொப்பில் சார்ஜ் இருந்தது, ரவுட்டர் செத்துவிட்டது, போனிலும் சிக்னல் இல்லை. என் வெப் பில்லிங் திறக்கவே இல்லை. பெட்டியில் அச்சடித்த விலையை டோர்ச் அடித்துப் பார்த்து விற்றேன். கடைக்கு டெஸ்க்டாப்தான் சரி.

கொட்டாஞ்சேனை_கோடர்
மருந்துக் கடை அண்ணா, அன்று உங்களிடம் பற்றரியாவது இருந்தது. மேசைக் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப் மென்பொருள் வைத்திருந்தவர்களும் டோர்ச்தான் அடித்திருப்பார்கள். சர்வீஸ் வொர்க்கர், இண்டெக்ஸ்டு டிபி (பக்கத்தையும் தரவையும் பிரவுசருக்குள்ளேயே வைத்திருக்க உதவும் வசதிகள்) எல்லாம் போட்டு ஒழுங்காக எழுதினால் வெப்பும் நெட் இல்லாமல் பில் அடிக்கும், நெட் வந்ததும் தானே அனுப்பிக்கொள்ளும். எழுதுகிறவர்களுக்குத்தான் பஞ்சி.

விபி அண்ணா, எஃப்5ஐத் தடுக்க நாலு வரி கோட் போதும். ஒவ்வொரு வரியும் அடிக்க அடிக்க வரைவாகச் சேமிக்கலாம். குரோமை கியோஸ்க் பிரிண்டிங்கில் திறந்தால் கேள்வி கேட்காமல் பில் வரும். பழைய தரவில் பெயர்கள் பாமினியில் (யுனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துரு) இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் எல்லாரும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிவார்கள். சர்வர் வாடகையை டொலரில் ஒப்புக்கொள்ள முன்னம் 2022ஐ நினையுங்கள்: டொலர் 200 ரூபாயில் இருந்தது 360க்குப் போனது.

என் கதை சின்னது. ஒரு வேலை நேர்முகத்தில் டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதும் கருவி) நன்றாகத் தெரியும் என்றேன். எதிரில் இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

விபி_காலத்து_ஆள்
தம்பி, நான் ஆலோசனை கேட்கவில்லை. அந்த வெப்பை எழுதியது நான் இல்லையே, எதைப் போய்த் தடுப்பது?

போன கிழமை கடைப்பக்கம் போனேன். ஐயாவின் கீபோர்டில் எஃப்5 இருந்த இடம் ஓட்டை. பிடுங்கி லாச்சிக்குள், ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறார்.